விற்காமல் வைத்திருந்த பத்து நாட்கள்

எங்கள் கோழி ஷெட்டுக்கு முதலாளி என் மனைவி. நிலம் என் பெயரில் இருக்கிறது, கரண்டு இணைப்பு என் பெயரில் இருக்கிறது. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் மட்டும் அவள் பெயரில். அது போட்ட சமயத்தில் நான் ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு வாளையார் வழியாகக் காய்கறி ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கிறவள் கையெழுத்துப் போடட்டும் என்று விட்டுவிட்டேன். லாரி கைவிட்டுப் போன பிறகு நானும் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன், அவளிடம் வேலைக்காரனாக. பதினோரு வருடமாக அதே வேலையில்தான் இருக்கிறேன். இன்னும் பதவி உயர்வு வரவில்லை.

எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம். ரேஷன் கார்டு மலையாளத்தில் வரும், கோயில் நோம்பி அழைப்பிதழ் தமிழில் வரும். கடலையும் தக்காளியும் போட்டுப் பார்த்துச் சலித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கோழி ஷெட்டு போட்டிருக்கிறோம். ஏற்பாடு எளிது. கம்பெனி ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கும். தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் அவர்களுடையது. கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் நம்முடையது. நாற்பது நாள் ஆனதும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அடுத்த குஞ்சுக்குக் காத்திருக்க வேண்டும். இறக்குவதும் இறக்காததும் அவர்கள் இஷ்டம். ஒரு பண்ணைக்காரர் மேல் கம்பெனிக்கு மனத்தாங்கல் வந்துவிட்டால் சண்டை போடமாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். குஞ்சு வராது, அவ்வளவுதான்.

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் நான் கோழி வளர்ப்பவன் என்று தெரிந்ததும், "ஊசி போட்டுத்தானுங்களே ஊத வெக்கறீங்க?" என்று கேட்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அத்தனை ஆயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எனக்கென்ன நூறு கையா இருக்கிறது? நாற்பது நாளில் வளர்வது அந்த இனத்தின் குணம், தீவனத்தின் வேலை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. அதை ஒருவரும் கேட்பதில்லை.

குஞ்சுக்குச் சளி பிடித்தாலோ கழிச்சல் வந்தாலோ டாக்டர் எழுதித் தருகிற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். காய்ச்சலுக்கு நாம் மாத்திரை விழுங்குவதைப் போலத்தான். அந்த மருந்து கோழியின் உடம்பைவிட்டு இறங்கச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அறுத்தால் கறியில் மருந்து இருக்கும். கழுவினால் போகாது, வேக வைத்தாலும் முழுக்கப் போகாது. தின்கிறவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தால், பின்னால் ஒருநாள் அவருக்கே நோய் வந்து அதே வகை மருந்து கொடுக்கும்போது கிருமி அடங்க மறுக்கலாம். இதைக் கம்பெனி டாக்டர் எல்லோருக்கும்தான் சொன்னார். நாங்கள் ஆண்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். என் மனைவி உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, எனக்குச் சோறு போடும்போது முழுவதையும் ஒப்பித்தாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனால் எழுந்து போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

லாரி வருகிற நாளில் மலையாளத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கடைசி இத்தனை நாளாக இந்தக் கோழிகளுக்கு மருந்து கொடுக்கவில்லை என்று அதில் இருக்கும். ஊரில் பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதில்லை, விரல் வைக்கிற இடம் எது என்று மட்டும் பார்ப்பார்கள். என் மனைவி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும், பிடிக்க வந்த ஆட்கள் முணுமுணுத்தாலும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதட்டை அசைத்து அசைத்துப் படித்து முடித்த பிறகுதான் பேனாவைத் தொடுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். ஒவ்வொரு தடவையும் அதே தாள், அதே வரிகள். "போன தடவ இருந்ததுதான் இந்தத் தடவையும் இருக்குதுன்னு படிக்காம எப்பிடித் தெரியும்?" என்பாள்.

இனி எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் நடந்தது. எனக்கு ஒரு அண்ணன். பாகம் பிரித்தபோது நிலத்தைச் சரிபாதியாகக் கோடு போட்டு வாங்கிக்கொண்டோம். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் பிரிக்க முடியாது, அவை பொதுவில் நின்றுவிட்டன. தொட்டியிலிருந்து இரண்டு குழாய், ஒன்று அண்ணன் ஷெட்டுக்கு, ஒன்று எங்கள் ஷெட்டுக்கு. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் எங்கள் முறை. முறைக்காரர் தொட்டியை நிரப்பித் தன் வால்வைத் திறந்துகொள்வார், அடுத்தவர் வால்வு மூடியிருக்கும். அடுத்தவர் தன் ஷெட்டுமேல் இருக்கிற சின்ன டேங்கில் முந்தின நாள் பிடித்துவைத்ததை வைத்து அன்றைக்கு ஓட்டிக்கொள்வார். மருந்து கொடுக்க வேண்டியவர் தன் முறை நாளில் தொட்டியில் கலந்துகொண்டு, மாலையில் கழுவிவிட்டுப் போவார். எங்கள் அப்பா காலத்தில் வயலுக்குப் பாய்ச்சின முறை இது. வயலுக்கு ஏற்பட்டதை யாரும் ரோசனை பண்ணாமல் கோழிக்கும் வைத்துக்கொண்டோம். வருடக்கணக்காக ஒரு தகராறும் வந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தின சித்திரை. மாரியம்மன் நோம்பி. தீர்த்தம் எடுக்க விடியற்காலையில் ஆற்றுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு எங்கள் தண்ணீர் முறை. முந்தின நாள் கோயில் வாசலில் அண்ணனைப் பார்த்து, "நாளைக்கு நீங்க எடுத்துக்குங்கண்ணா, நாளான்னிக்கு நாங்க எடுத்துக்கறோம்" என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. ஒரம்பரைச் சொந்தங்கள் வந்து நிறைந்திருந்தார்கள், மனைவி மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காலையில் தீர்த்தக்குடத்தைக் கோயிலில் இறக்கி வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு தோட்டத்துக்கு வந்தேன். கை தானாகப் போய் எங்கள் வால்வைத் திறந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக நம் முறையை மறக்காமல் இருக்கிறோமே என்று எனக்கு என்மேலேயே ஒரு மெச்சுதல்கூட. தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

மறுநாள் மஞ்சள் நீராட்டு. தெருவே மஞ்சளாக இருந்தது. என் மனைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் ஷெட்டின் கடைசிக் குழாயைத் திறந்து, முதலில் வருகிற தண்ணீரை ஒரு வெள்ளை மக்கில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். பாசி இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அன்றைக்கு மக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, தண்ணி மஞ்சளா வருது."

நான் மாட்டுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "நோம்பி ஊர்ல மஞ்சத்தண்ணி வராம பாலா வரும்? எந்தக் கழுதையோ வெளையாட்டுக்குத் தொட்டீல ஊத்தியிருக்கும்" என்றேன்.

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். துப்பினாள். "மஞ்ச இப்பிடிக் கசக்காதுங்க" என்றாள்.

நேராகத் தொட்டிக்குப் போனாள், நான் பின்னாலேயே போனேன். அண்ணன் அங்கே நின்று தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் செய்ய வேண்டிய வேலை, கோயில் சோலியில் தள்ளிப்போயிருந்தது. அவருடைய குஞ்சுகளுக்கு அப்போது பன்னிரண்டு நாள். சளி பிடித்திருந்தது, டாக்டர் எழுதித் தந்த மஞ்சள் நிற மருந்தைக் கலந்திருந்தார். அதில் ஒரு தப்பும் இல்லை.

"நேத்து எம்முறைதான அம்மிணி? தம்பி மாத்திக் குடுத்தானே" என்றார் அண்ணன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முறையை மாற்றினதும் நான், வால்வைத் திறந்ததும் நான். எங்கள் கோழிகளுக்கு அன்று முப்பத்தொன்பதாவது நாள். மறுநாள் சாயங்காலம் லாரி. நல்ல எடை, நல்ல தெளிவு, ஊரிலேயே அந்தத் தடவை எங்கள் ஷெட்டுத்தான் முதல் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அத்தனையும் ஒரு பகல் முழுக்க மருந்துத் தண்ணீரைக் குடித்திருந்தன.

அண்ணனுக்கு விஷயம் புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் தொட்டி விளிம்பையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விடு அம்மிணி. ஒருநாள் குடிச்சதுக்கு என்ன ஆயிப்போகுது? பாத்தாலும் தெரியாது, தின்னாலும் தெரியாது. லாரி வந்தா ஏத்தி உட்டுருங்க" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அண்ணனே சொல்லிவிட்டாரே என்று தைரியமாக இருந்தது.

"கையெழுத்து நானுங்களே போடோணும், மாமா" என்றாள் என் மனைவி.

கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அவர் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து மலையாளி. எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவார், 'சேச்சி' 'சேட்டா' மட்டும் மாறாது. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, அழுகிற குரலில், "சேச்சி, இத எதுக்கு எங்கிட்டச் சொன்னீங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

"சொல்லாட்டி எனக்கும் தெரியாது, உங்களுக்கும் கஷ்டமில்ல. இப்ப நான் என்ன பண்றது?" என்றார்.

"தாளு உங்க பைலதானுங்களே இருக்குது, தம்பி? எடுங்க. மருந்து குடுக்கலைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக்குங்க. நான் ஏத்தி உடறேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டுமானால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று காட்டினாள், அவ்வளவுதான். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தார். வேப்பமரத்தடிக்குப் போய் ஆபீசுக்குப் பேசினார். எதிர்ப்பக்கம் யாரோ கத்துகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. டாக்டருக்குப் பேசினார். திரும்பி வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பத்து நாள் வெய்யுங்கன்னு டாக்டர் சொல்றாரு. அடுத்த குஞ்சப் பத்தி ஆபீசுல இப்ப ஒண்ணும் பேசமாட்டாங்களாம்" என்றார்.

அதன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். எங்களிடம் இருப்பது அந்த ஒரு ஷெட்டுத்தான். வீட்டுச் சோறு, மகள் கல்லூரி எல்லாம் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வருகிறது. குஞ்சு வராவிட்டால் அத்தனை நீளக் கூரையின் கீழ் நானும் அவளும் பேசினால் எதிரொலி கேட்கும்.

அன்றைக்கு நான் அவளிடம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் எவன் ஷெட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். நீ ஒருத்திதான் இந்தக் கேரளாவுக்கே சமையல் பண்ணிப் போடுகிறாயா என்று கேட்டேன். தப்புச் செய்தவனுக்குத்தான் வாய் நீளும். அவள் என் தப்பை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "நானும் வால்வப் பாத்திருக்கோணும்" என்று மட்டும் சொன்னாள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. என்னைத் திட்டியிருந்தால் சரிக்குச் சரியாகப் போயிருக்கும்.

பாலக்காட்டுக் கிழக்கில் சித்திரை வெயிலை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நாள் கோழி அந்த வெயிலைத் தாங்குவதற்குப் பிறந்ததல்ல. எடை கூடக்கூட அதற்கு மூச்சு வாங்கும். வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது எழாவிட்டால் செத்துப்போகும். அதனால்தான் நாற்பதாம் நாள் லாரி வந்தால் பண்ணைக்காரன் பெருமூச்சு விடுவான். நாங்கள் அதற்கு மேல் பத்து நாள் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளில் என் மனைவி செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலை பத்து மணிக்குத் தீவனத்தட்டுகளை மேலே தூக்கிக் கட்டிவிடுவாள். வெயில் நேரத்தில் தின்றால் உடம்புச் சூடு கூடும். கூரைமேல் தென்னோலை பரப்பி நனைத்தோம். பக்கவாட்டில் சாக்குகளைத் தொங்கவிட்டு மணிக்கொரு தடவை தண்ணீர் அடித்தோம். பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் அவள் ஷெட்டுக்குள்ளேயே இருப்பாள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நடப்பாள். கோழிகள் எழுந்து இரண்டடி நகர்ந்து வழிவிடும். எழுந்தால் அடிவயிற்றுக்குக் காற்றுப் படும், பிழைத்துக்கொள்ளும். மறுகோடி போனதும் திரும்புவாள். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் நடக்கிற ஒரு பெண்ணை ஊரில் யாராவது பார்த்திருந்தால் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் இரண்டு நடை நடந்துவிட்டு வெளியே வந்து பம்ப்செட்டுக்கு அடியில் தலையைக் கொடுப்பேன்.

இரண்டாம் நாள் காலையில் தொட்டிக்குப் போனேன். அண்ணனுடைய முறை, ஆனால் எங்கள் வால்வு திறந்திருந்தது. அண்ணன் தன் குஞ்சுகளுக்கு வேண்டியதை மட்டும் குடத்தில் மொண்டு கொண்டுபோய்க்கொண்டிருந்தார். தக்காளித் தோட்டத்துக்குப் பாய்ச்சவில்லை. பத்து நாளும் பாய்ச்சவில்லை. செடி வாடிக் கருகியது. ஏனண்ணா என்று கேட்டேன். "தக்காளி கெடக்குது போ" என்றார். நாங்கள் பாகம் பிரித்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் ஒரு குடம் தண்ணீர் அதிகமாகக் கொடுத்ததில்லை. அவரை அப்படிச் செய்ய வைத்தது நானில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் கரண்டு போயிற்று. மோட்டார் நின்றது, விசிறி நின்றது. இரண்டு மணி நேரம். அவள் நடந்தாள், நான் நடந்தேன், அண்ணனும் அண்ணியும் ஓடி வந்து நடந்தார்கள். வாளியில் மொண்டு மொண்டு தெளித்தோம். ஆனாலும் மேற்குப் பக்கத்தில் வெயில் விழுகிற இடத்தில் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தை நீட்டிச் சாய்ந்தன. கரண்டு வந்தபோது செத்தவற்றைக் கூடை கூடையாக அள்ளிக் குழிக்குக் கொண்டுபோனோம். கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டு அவள் குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பதினோரு வருடத்தில் அவள் ஷெட்டு விஷயத்துக்கு அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

எனக்கு என்ன பேய் பிடித்ததோ, "இப்பத் திருப்தியா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி என்னை முறைத்தாள்.

என் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வவுறு எரியுதுங்க. எங்கையால வளத்தது, எரியாதா? நாளைக்கும் கரண்டு போகும். மேக்கால வெயிலு நேரா உழுகுது. எந்திரிச்சு வாங்க, ஓலையக் கட்டுவோம்" என்றாள்.

எழுந்து போனேன். மேற்குப் பக்கத்தில் ஓலை கட்டும்போது அவள் கீழிருந்து எடுத்துக் கொடுக்க, நான் ஏணிமேல் நின்று வாங்கிக் கட்டினேன். அவள் பாதம் கண்ணில் பட்டது. ஷெட்டுத் தரையில் பரப்பிய தேங்காய்நார்த் தூளில் இழுத்து இழுத்து நடந்ததில் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி வெளுத்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இவளுக்கு நம்மைப் போலவே பயம் இருக்கிறது, நம்மைப் போலவே நஷ்டம் இருக்கிறது, வலி நம்மைவிட அதிகம் இருக்கிறது. இருந்தும் பின்வாங்கவில்லை. மறுநாளிலிருந்து நான்கு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் நான் நடந்தேன்.

பதினோராம் நாள் லாரி வந்தது. அவள் வழக்கம்போலத் தாளை வாங்கி முதல் எழுத்திலிருந்து படித்தாள். சூப்பர்வைசர் அவசரப்படுத்தவில்லை, லாரிக்காரன் ஹாரன் அடிக்கக் கை நீட்டியபோது அவரே வேண்டாம் என்று சைகை காட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கோழிகள் போயின.

குஞ்சு வரவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. பக்கத்து ஷெட்டுகளுக்கெல்லாம் குஞ்சு வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் நான் எட்டிப் பார்ப்பேன், அவள் பார்க்கமாட்டாள். நான் வேறொருவர் லாரிக்கு ஆக்டிங் டிரைவராகப் போனேன். அவள் களை எடுக்கக் கூலிக்குப் போனாள், பத்தேக்கர் நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தவள். ஊரில் சிலர், "உண்மைய வறுத்தா திங்க முடியும்?" என்று கேலி பேசினார்கள். டீக்கடையில் ஒருத்தன் என் காதுபடவே சொன்னான். முன்பு நானே சொல்லியிருக்கக்கூடிய பேச்சுத்தான். அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், நான்கு பேர் விலக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவளுக்கு என்மேல்தான் கோபம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. லாரி வருகிற நாளில் ஷெட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் ஒருவர், இருவராக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கையில் அந்தத் தாள் இருக்கும். "அக்கா, இதுல என்னதான் எளுதியிருக்குது? சித்த படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். களை எடுத்துவிட்டு வந்த கையைக் கழுவிக்கொண்டு, அவள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவாள். கேட்டுவிட்டுச் சிலர் பேசாமல் போவார்கள். ஒருத்தி மட்டும் ஒருதடவை கேட்டதும் எழுந்து, "அப்ப லாரியத் திருப்பி அனுப்போணும்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். அண்ணன் தனக்கென்று மருந்துக்குத் தனித் தொட்டி ஒன்று வாங்கி வைத்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே வைத்தார்.

ஆடி மாதத்தில் குஞ்சு வந்தது. எங்கள் குணத்தை மெச்சி வந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஓணம் வருகிறது, கேரளம் முழுக்கக் கோழி வேண்டும், ஷெட்டு போதவில்லை. இவர்களுக்கும் கொடுங்கள் என்று சூப்பர்வைசர் ஆபீசில் மூன்று தடவை கேட்டதாகப் பிறகு தெரிந்தது. அவர் எங்களிடம் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. குஞ்சுப் பெட்டிகளை இறக்கின அன்றைக்கு என் மனைவி சிரித்த சிரிப்பை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்தத் தடவை இருபத்தைந்தாம் நாள் வாக்கில் சளி வந்தது. டாக்டர் சொன்னபடி மூன்று நாள் மருந்து கொடுத்து நிறுத்தினோம். அதற்கு அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்வைசர் வந்தார். கம்பெனிப் பை இல்லை, வேட்டி கட்டியிருந்தார். ஆள் இளைத்து, தாடி வளர்ந்திருந்தது.

"சேச்சி, ஒரு கோழி வேணும். கம்பெனிக்கில்ல, எங்க ஊட்டுக்கு" என்றார்.

அவருக்கு ஒரே மகள், ஐந்து வயது. டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒன்றும் சாப்பிடுவதில்லை, எலும்பும் தோலுமாக இருக்கிறாளாம். கோழிக்கறியில் சாறு வைத்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அதற்குள் எழுந்து ஷெட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். நமக்காக மூன்று தடவை ஆபீசில் பேசின மனிதர், இருப்பதிலேயே நல்ல கோழியாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பரபரத்தது.

"மருந்து நிறுத்தி அஞ்சு நாளுதானுங்க ஆச்சு" என்றாள் என் மனைவி. "இன்னும் அஞ்சு நாளு போகோணும். வெள்ளிக்கெழம வாங்க, தம்பி. அது வரைக்கும் முட்டையும் பருப்புத் தண்ணியும் குடுங்க."

எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. வாசல் வரைக்கும் வந்த மனிதரை, அதுவும் இந்த நிலைமையில் இருப்பவரை, வெறுங்கையோடு அனுப்புவதா? "ஒரு கோழிதான புள்ள" என்று முணுமுணுத்தேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் சேட்டா. எங்கைல முப்பது ஷெட்டு இருக்குது. எங்க கேட்டாலும் கேட்ட ஒடனே புடிச்சுக் குடுத்துருவாங்க. அதனாலதான் அங்கெல்லாம் கேக்காம இங்க வந்தேன்."

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் ஷெட்டைத் திறக்கும் முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.